நடுங்கும் கரமும் குளிர்ந்த நீரும்

விளாத்திகுளத்தில் என் மாணவர் ஒருவரின் தகப்பனார் ஓய்வூதியப் படிவத்தில் இட்ட கையொப்பம் பொருந்தவில்லையென்று இருமுறை திரும்பி வந்தது. மடியில் கிடக்கையில் அவர் கரம் அசைவதில்லை. பேனாவைத் தாளருகே கொண்டுசெல்லும்போதுதான் ஆடத் தொடங்கும். நெருங்க நெருங்க ஆட்டம் மிகும். பார்க்கின்சன் நோயின் நடுக்கமோ இதற்கு மாறாக ஓய்வில்தான் மிகுதியாகத் தோன்றும். இவருக்கிருப்பது சிறுமூளைத் தேய்வினால் வரும் அட்டாக்ஸியா. பரம்பரையாக வரும் அதன் ஒரு வகை தமிழகத்துச் சமூகமொன்றில் மிகுந்திருப்பதை 2005-இல் 'நியூராலஜி இந்தியா' இதழ் வெளியிட்டது.

கை எங்கே போய் நிற்கும் என்பதை முன்கூட்டியே கணித்து அசைவை அடக்குவது சிறுமூளையின் பணி. அது பழுதுபட்டால் கை இலக்கைத் தாண்டுகிறது. திருத்தம் தாமதித்து வந்து எதிர்ப்புறம் தாண்டுகிறது. இத்தொடரே நடுக்கம்.

கையைக் குளிரச் செய்தால் இது தணியும் என்று கேட்டபோது எனக்கு ஐயமே எழுந்தது. நடுக்கத்தை 'ரஅஷா' எனக் குறிக்கும் இப்னு சீனா (980-1037), அதன் காரணங்களுள் குளிர்ச்சியையும் எண்ணுகிறாரன்றோ!

ஆயினும் சான்று வேறு பேசுகிறது. 2005-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த பீட்டர் ஃபெய்ஸ் குழுவினர், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயால் இத்தகைய நடுக்கமுற்றோரின் கையை 15 நிமிடம் குளிர்வித்தனர். சில கைகளுக்கு 25 பாகை, சிலவற்றுக்கு 18 பாகை. குளிர்ச்சி மிகுந்த அளவுக்கு நடுக்கத்தின் வீச்சும் வேகமும் குறைந்தன. அளவிட்ட 30 நிமிடமும் அப்பயன் நீடித்தது. குறி நோக்கிய அசைவு பெரிதும் கெடவில்லை. உடலின் உள்வெப்பம் மாறாமையால், மூளை குளிர்ந்ததால் விளைந்த பயன் எனக் கொள்வதற்கில்லை.

குளிரில் நரம்பின் கடத்தல் வேகம் குறையும் என்பது உண்மையே. ஆனால் 25 பாகையில் கிடைத்த பயனுக்கு அது விளக்கமாகாது. தசையின் இயல்பு மாறுவதும், தசை நீட்சியை உணர்த்தும் நுண்ணுறுப்புகள் மந்தமாவதும் சேர்ந்து ஆட்டத்தை அடக்கியிருக்கலாம்.

இது நோயைத் தீர்ப்பதன்று. நடையையும் பேச்சையும் சீராக்காது. பரம்பரை அட்டாக்ஸியா உடையோர் அனைவருக்கும் இதே பலனை எதிர்பார்க்கவும் இயலாது. நீரிழிவால் மரத்த கைக்கும் இரத்தவோட்டம் குன்றிய விரல்களுக்கும் குளிர் தீங்கிழைக்கும்; மருத்துவரைக் கேளாமல் முயலலாகாது.

நம் கரிசல் வெயிலில் 18 பாகைக்குப் பானை நீர் போதாது, பனிக்கட்டி வேண்டும். அம்முதியவர் மருத்துவரின் இசைவுடன் முன்கையைக் கால் மணிநேரம் அவ்வாறு அமிழ்த்தி, துடைத்த கையோடு ஒப்பமிட்டார். எழுத்து சற்றே கோணியிருந்தது. மூன்றாம் முறை படிவம் திரும்பவில்லை.