கழுத்து வழியே ஏறும் நாலு வாய்க்கால்!

“ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாரு டாக்டர். காலையில பல் விளக்கப் போனவரு பிரஷ்ஷைப் பிடிக்க முடியாம கீழே விட்டுட்டாரு...” பக்கவாதம் வந்தவரின் வீட்டார் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அடுத்ததாக ஒரு கேள்வியும் வரும். “பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே வாதம்தான் வந்துச்சு. அவரு ஒரு மாசத்துல நடந்துட்டாரு. இவரு மட்டும் ஏன் படுத்த படுக்கையா இருக்காரு?”

நியாயமான கேள்விதான். சிலர் விதி என்பார்கள், சிலர் கிரகம் என்பார்கள். உண்மையான பதிலில் பெரும்பகுதி மூளைக்கு ரத்தம் போகும் வழியில் இருக்கிறது. அந்த வழியைத் தெரிந்து கொண்டால், பக்கவாதம் ஏன் வருகிறது, வந்தால் எங்கே ஓட வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

நாலு வாய்க்கால்

நம் மூளையின் எடை சுமார் 1.4 கிலோ. உடல் எடையில் இது வெறும் 2 சதவிகிதம். ஆனால் உடல் செலவழிக்கும் பிராணவாயுவில் 20 சதவிகிதத்தை இது ஒன்றே எடுத்துக் கொள்கிறது. சேமித்து வைக்கும் பழக்கமும் இதற்குக் கிடையாது. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் சமைக்கிற குடும்பம் மாதிரி! ரத்தம் நின்றால் சில நிமிடங்களிலேயே செல்கள் சாக ஆரம்பித்துவிடும்.

இந்த ரத்தத்தைக் கொண்டு போக நாலு குழாய்கள் இருக்கின்றன. கழுத்தின் முன்பக்கம், தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் விரல் வைத்தால் துடிக்கிறதே, அது கரோட்டிட் தமனி. அதன் உட்கிளைகள் இரண்டும் மூளையின் முன்பகுதிக்குப் போகின்றன. மற்ற இரண்டும் வெர்ட்டிப்ரல் தமனிகள். கழுத்து எலும்புகளின் ஓட்டைகளுக்குள் நுழைந்து, பின்பக்கமாக ஏறி, மண்டைக்குள் ஒன்றாகச் சேர்ந்து, பின்மூளைக்கும் மூளைத்தண்டுக்கும் ரத்தம் கொடுக்கின்றன.

எந்த மடை, எந்த வயல்?

ஒவ்வொரு வாய்க்காலுக்கும் அதற்கென்று வயல் உண்டு. கரோட்டிட்டிலிருந்து ஏறக்குறைய நேராகப் போகும் பெரிய கிளை, நடு மூளைத்தமனி. இதயத்திலிருந்து கிளம்பும் ரத்தக்கட்டி பெரும்பாலும் இதில்தான் போய் அடைக்கும். முகம், கை, பேச்சு ஆகியவற்றின் வயல் இதனுடையது. அதனால்தான் வாய் கோணி, கை விழுந்து, பேச்சு குழறுகிற பக்கவாதத்தை அதிகம் பார்க்கிறோம். முன் மூளைத்தமனி அடைத்தால் கையைவிடக் கால்தான் அதிகம் பலவீனப்படும். நரம்புகள் குறுக்கே கடந்து போவதால், இடது மூளையில் அடைத்தால் வலது பக்கம் விழும். பேச்சு பெரும்பாலோருக்கு இடது மூளையில் இருப்பதால், வலது கை கால் விழுந்தவர்களுக்குத்தான் பேச்சும் அதிகமாகப் போகிறது.

பின்பக்கக் குழாய் அடைத்தாலோ கதையே வேறு. திடீர்த் தலைசுற்றல், தள்ளாட்டம், ஒன்று இரண்டாகத் தெரிவது, விழுங்க முடியாமல் போவது... இதைப் ‘பித்தம்’ என்று இஞ்சிச்சாறு கொடுத்து உட்கார்ந்திருப்பார்கள். தலைசுற்றலெல்லாம் பித்தமாகி விடாது!

இன்னொன்று. கண்ணுக்குப் போகும் தமனியும் கரோட்டிட்டின் கிளைதான். ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்த மாதிரி இருட்டாகி, ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டால், “கண்ணாடி மாத்தணும்” என்று விட்டுவிடாதீர்கள். கழுத்துக் குழாயில் கொழுப்புப் படிந்திருப்பதன் எச்சரிக்கையாக இருக்கலாம். கையோ பேச்சோ பத்து நிமிடம் போய்த் திரும்பி வந்தாலும் அப்படித்தான். போய்விட்டது என்று நிம்மதி அடையாமல், அன்றைக்கே பரிசோதனைக்குப் போங்கள்.

இயற்கை போட்ட வட்டச்சாலை

நாலு குழாயும் மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைகின்றன. இதற்கு ‘வில்லிஸ் வளையம்’ என்று பெயர். இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664-ல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைப் பிற்பாடு வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென்தான் அந்த நூலுக்குப் படங்கள் வரைந்தவர்! வேறு நோயால் இறந்த ஒருவரின் உடலை வில்லிஸ் அறுத்துப் பார்த்தபோது, கழுத்துக் குழாய் ஒன்று முழுதும் அடைத்திருந்தது. ஆனால் அந்த மனிதருக்கு வாதம் வந்ததேயில்லை. வளையத்தின் வழியாக மற்ற குழாய்கள் ரத்தம் கொடுத்துக் கொண்டிருந்தன.

அப்படியானால் நமக்குப் பயமில்லையே என்கிறீர்களா? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் வரைந்திருப்பது போல முழுமையான வளையம் பாதிப் பேருக்குக்கூட இருப்பதில்லை. ஒருவருக்கு இணைப்புக் குழாய் நூல் மாதிரி இருக்கும், ஒருவருக்கு இருக்கவே இருக்காது. இது நோயல்ல, பிறவி அமைப்பு. குழாய்கள் திறந்திருக்கும் வரை ஒரு தொந்தரவும் தராது. ஒரு குழாய் அடைக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். வட்டச்சாலை உள்ளவர் தப்பிக்கலாம், இல்லாதவர் விழலாம். பக்கத்து வீட்டுக்காரர் ஏன் நடந்தார் என்பதற்கு ஒரு காரணம் இது. அடைப்பு மெதுவாக வந்ததா, சட்டென்று வந்ததா என்பது இன்னொரு காரணம். மெதுவாக வந்தால் மாற்றுப்பாதை பருக்க அவகாசம் கிடைக்கும். வளையத்தைத் தாண்டிய கிளையில் கட்டி அடைத்தாலோ வளையத்தால் பெரிய உதவி இல்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் “ஒரு வெர்ட்டிப்ரல் தமனி சிறுத்திருக்கிறது” என்று எழுதியிருந்தால் தூக்கம் கெட வேண்டாம். பலருக்கும் அப்படித்தான் இருக்கும். டாக்டரிடம் காட்டிக் கேட்டுக் கொள்ளுங்கள்.

மயிரிழைக் குழாய்கள்

பெரிய தமனியிலிருந்து மயிரிழை போன்ற குழாய்கள் நெட்டுக்குத்தாகக் கிளம்பி மூளையின் உள்ளே போகின்றன. மெயின் குழாயின் அழுத்தம் முழுவதும் இவற்றின் மேல் நேரடியாக விழும். பி.பி. அதிகமாகவே இருந்தால் இவற்றின் சுவர் தடித்து அடைக்கும், அல்லது வெடித்து ரத்தம் கசியும். இவற்றுக்கு மாற்றுப்பாதையும் கிடையாது. இவை போய்ச் சேரும் இடத்தில் கை கால் நரம்புகள் கட்டுக்கயிறு மாதிரி நெருக்கமாக ஓடுகின்றன. அதனால் மிளகளவு அடைப்பே ஒரு பக்கம் முழுவதையும் சாய்த்துவிடும்.

“எனக்கு பி.பி. இருக்கு, ஆனா ஒண்ணும் செய்யல” என்பவர்களுக்குச் சொல்கிறேன். அது உங்களுக்குத் தெரியாமல் இந்த மயிரிழைகளில் வேலை செய்து கொண்டிருக்கிறது.

கடைமடை காய்வது போல

இரண்டு தமனிகளின் வயல்கள் சந்திக்கும் எல்லைப் பகுதி, காவிரியின் கடைமடை மாதிரி. தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். கடும் பேதியிலோ, விட்டுப்போன மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டதாலோ பி.பி. தடாலென்று இறங்கினால், ஏற்கெனவே குறுகிய குழாய் உள்ளவருக்கு இந்தக் கடைமடை காயும். அதனால் பி.பி. ஏறுவது மட்டுமல்ல, கண்டபடி இறங்குவதும் கெடுதல்தான்.

கழுத்தில் சொடக்கு வேண்டாம்

முடிவெட்டும் கடையில் தலையைப் பிடித்து ‘படக்’கென்று திருப்பி நெட்டி எடுக்கிறார்களே... வெர்ட்டிப்ரல் தமனி எலும்பு ஓட்டைக்குள் போவதை மேலே சொன்னேன். வேகமாகத் திருப்பினால் அதன் உட்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து, மூளைக்குப் போகலாம். சிறு வயதிலேயே பக்கவாதம் வருவதற்கு இது ஒரு காரணம். தொக்கணம், வர்மம் படித்த எங்களுக்கும் கழுத்து என்றால் நிதானம் தேவை. நெட்டி எடுப்பதை அடியோடு விடுங்கள்.

முதலில் எங்களிடம் வராதீர்கள்!

சித்த மருத்துவனே இப்படிச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். வாத நோய்கள் 80 என்று வகுத்து வைத்திருக்கிறது எங்கள் மருத்துவம். ஆனால் வாதம் விழுந்த அந்த நேரத்தில், குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்பதை நாடி பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் சிகிச்சை நேரெதிர். ஸ்கேன் ஒன்றுதான் சொல்லும். பெரிய தமனி அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். புறா ரத்தம் தடவுவதற்கும், எண்ணெய் காய்ச்சுவதற்கும் அப்போது நேரமில்லை.

கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைப்பாக இருந்தால் தொடை வழியே மெல்லிய குழாய் செலுத்திக் கட்டியை வெளியே எடுப்பதும் உண்டு. தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூட அதைச் செய்கிறார்கள். ஆனாலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

• சிரிக்கச் சொல்லுங்கள். வாய் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். ஒன்று தொங்குகிறதா? பேசச் சொல்லுங்கள். குழறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வாழ்நாளில் கண்டிராத இடி மாதிரித் தலைவலி திடீரென்று வந்தாலும் அப்படியே.

• கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்து வையுங்கள். மருத்துவமனையில் முதலில் கேட்பது அதைத்தான்.

• சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள்.

• வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தண்ணீர், காபி, கஷாயம் எதுவும் வேண்டாம். மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஆஸ்பிரின் மாத்திரையும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

ஆபத்து தாண்டி, டாக்டர் அனுமதித்த பிறகு வாருங்கள். பிசியோதெரபியோடு சேர்த்துத் தொக்கணமும் தைலமும் பொறுமையாகச் செய்யலாம். அங்கே கொடுத்த மாத்திரைகளை நிறுத்திவிட்டு வராதீர்கள். இங்கே என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை அங்கேயும் சொல்லிவிடுங்கள்.

வளையம் எப்படி அமைந்திருக்கிறது என்பது நம் கையில் இல்லை. குழாயைச் சுத்தமாக வைத்திருப்பது நம் கையில்தான் இருக்கிறது. ஒருநாள் உப்பு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருக்கும் உப்பும் இந்தக் கணக்கில்தான் வரும். பீடி, சிகரெட் அறவே வேண்டாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். நாடி ஒழுங்கில்லாமல் துடித்தால் இதயத்தைச் சோதித்துக் கொள்ளுங்கள். 140-க்கு 90 என்ற அளவை பி.பி. தொட்டுக் கொண்டே இருந்தால் வைத்தியரைப் பாருங்கள். 30 வயது தாண்டிய எல்லோரும், ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், இந்த வாரமே ஒருமுறை பி.பி. பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதானே!