குற்றச்சாட்டும் பாதிக்கப்பட்ட சிறாரும்

ஜோர்ஜ்டவுன் நகரில் லெபோ லைட் சாலையோரம் பினாங்கு உயர் நீதிமன்றம் அமைந்துள்ளது. 1807ஆம் ஆண்டு வழங்கப்பட்ட நீதிப் பட்டயத்தின்வழி இந்நாட்டில் முதன்முதலாக ஆங்கிலேய முறையிலான நீதிமன்றம் ஏற்பட்டது பினாங்கில்தான். நீதிமன்ற வளாகத்தில் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்னும் வழக்கறிஞரின் நினைவுச் சின்னம் இருக்கிறது. 1869ஆம் ஆண்டில் மறைந்த அவர், ஐரோப்பியர் அல்லாத எளிய மக்களுக்காக வாதாடியவர். இவ்வழியே செல்லும் மாணவர் பலருக்கும் நீதிமன்றம் என்றதும் நினைவுக்கு வருபவர் நீதிபதிதான். வழக்கின் முடிவு முழுவதும் அவர் கையில் இருப்பதாகவே நாம் எண்ணுகிறோம்.

உண்மையில், ஒரு வழக்கு நீதிபதியின் மேசைக்குச் செல்லும் முன்பே அதன் போக்கைத் தீர்மானிக்கும் முடிவு ஒன்று எடுக்கப்பட்டுவிடுகிறது. குற்றம் சாட்டுவதா இல்லையா? சாட்டுவதென்றால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில்? இதை முடிவு செய்பவர் அரசு வழக்கறிஞர். கூட்டரசு அரசியலமைப்பின் 145(3)ஆம் பிரிவு இவ்வதிகாரத்தைச் சட்டத்துறைத் தலைவருக்கு வழங்குகிறது. வழக்கைத் தொடங்கவும் நடத்தவும் நிறுத்தவும் அவருக்கு உரிமை உண்டு. அவர் சார்பில் மாநிலங்களில் பணியாற்றுவோர் துணை அரசு வழக்கறிஞர்கள். தேசிய மொழியில் இவர்களைத் ‘திம்பாலான் பெண்டாக்வா ராயா’ என்பர். காவல்துறை புலன்விசாரணை செய்யும். கோப்பை முடித்து அனுப்பும். அதைப் படித்து முடிவெடுப்பவர் இவரே.

இவ்வதிகாரம் எவ்வளவு விரிவானது என்பதைக் கூட்டரசு நீதிமன்றம் 1974ஆம் ஆண்டில் லோங் பின் சாமாட் வழக்கில் விளக்கியது. வழக்குத் தொடுக்குமாறு சட்டத்துறைத் தலைவரை நீதிமன்றம் கட்டாயப்படுத்த இயலாது. சிறிய குற்றச்சாட்டே போதும் என அவர் கருதினால், அதைப் பெரியதாக்கும்படியும் கட்டாயப்படுத்த இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். நெடுங்காலம் கழித்து, 2021ஆம் ஆண்டில், மிக அரிதான சூழல்களில் இம்முடிவுகளையும் நீதிமன்றம் மறுஆய்வு செய்யலாம் என அதே நீதிமன்றம் கூறியது. ‘மிக அரிதான’ என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இனி, இம்முடிவு பாதிக்கப்பட்ட சிறார் ஒருவரை எவ்வாறு தொடுகிறது என்று பார்ப்போம். விளக்கத்திற்காக ஒரு கற்பனைச் சூழலை எண்ணிக்கொள்ளுங்கள். பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி உறவினர் வீட்டில் வளர்கிறாள். இரண்டு ஆண்டுகளாக அவ்வீட்டில் அவளுக்கு அடி விழுகிறது. ஒருநாள் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிடுகிறது. வகுப்பாசிரியர் கேட்கிறார், பள்ளி புகார் செய்கிறது, மருத்துவர் ஊடுகதிர்ப் படம் எடுக்கிறார். கோப்பு துணை அரசு வழக்கறிஞரின் மேசைக்கு வருகிறது.

அவர் முன் குறைந்தது மூன்று வழிகள் உள்ளன. குற்றவியல் சட்டம் 323ஆம் பிரிவின் கீழ், வேண்டுமென்றே காயம் விளைவித்ததாகக் குற்றம் சாட்டலாம். இதற்கான உச்சத் தண்டனை ஓராண்டுச் சிறை அல்லது 2,000 ரிங்கிட் அபராதம் அல்லது இரண்டுமே. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம் ஆகும் என்பதால் 325ஆம் பிரிவையும் பயன்படுத்தலாம். அதில் சிறைத் தண்டனை ஏழு ஆண்டு வரை நீளும். மூன்றாவது வழி, சிறார் சட்டம் 2001இன் 31ஆம் பிரிவு. சிறாரைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவரே கொடுமை செய்தால் இப்பிரிவு பொருந்தும். இதன் உச்சத் தண்டனை 20 ஆண்டுச் சிறை அல்லது 50,000 ரிங்கிட் அபராதம் அல்லது இரண்டும்.

தண்டனை அளவு மட்டும்தான் வேறுபாடு என்று எண்ணிவிடக் கூடாது. அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சிறுமியின் கதையில் எந்தப் பகுதி நீதிமன்றத்தில் கேட்கப்படும் என்பதையும் குற்றச்சாட்டுதான் முடிவு செய்கிறது. 323ஆம் பிரிவு என்றால் ஒருநாள், ஓர் அடி, ஒரு காயம், அவ்வளவுதான். 325ஆம் பிரிவு என்றால் மருத்துவரின் சாட்சியம் வழக்கின் முதுகெலும்பாகும். சிறுமி மட்டுமே முழுச் சுமையையும் தாங்க வேண்டியதில்லை. சிறார் சட்டமோ உடற்காயத்தோடு மனக்காயத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. பூட்டிய அறை, பட்டினி, ஓயாத ஏச்சு ஆகியவற்றுக்கு அங்கே இடமுண்டு. ஆயினும், அப்பிரிவில் அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டியவையும் கூடும். உறவினர் அவளைப் பராமரிக்கும் பொறுப்பில் இருந்தார் என்பதையும் காட்ட வேண்டும். எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணையும் நீளக்கூடும்.

தேதியும் ஒரு சிக்கல். குற்றச்சாட்டில் நாள், நேரம், இடம் ஆகியவை குறிக்கப்பட வேண்டும் எனக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறுகிறது. குழந்தைகள் தேதிகளை நினைவில் வைப்பதில்லை. “தீபாவளிக்கு முன்னால்”, “அத்தை ஈப்போவுக்குப் போன அன்று”, “பள்ளி விடுமுறையில்” என்றுதான் சொல்வர். ‘மார்ச் 14, இரவு 8 மணி’ என்று எழுதப்பட்ட தாளோடு அவளுடைய நினைவு பொருந்தாதபோது, பொய் சொல்கிறாள் என்ற ஐயத்தை எழுப்புவது எளிது. திறமையான துணை அரசு வழக்கறிஞர் இதை முன்கூட்டியே உணர்ந்து, பள்ளி வருகைப் பதிவேடு, மருத்துவமனைப் பதிவு போன்றவற்றைக் கொண்டு நாளை உறுதி செய்துகொள்வார். மேலும், ஒரே வகையான குற்றங்களைப் பன்னிரண்டு மாத கால அளவுக்குள் மூன்று வரை மட்டுமே ஒரே விசாரணையில் சேர்க்கலாம் என்பது நடைமுறைச் சட்டத்தின் பொது விதி. இரண்டு ஆண்டுத் துயரம் தாளில் மூன்று நாள்களாகச் சுருங்கலாம். அந்த மூன்று எவை என்று தேர்ந்தெடுப்பது சிறிய வேலையன்று.

குற்றச்சாட்டு மாறினால் நீதிமன்றமும் மாறும். சிறிய குற்றங்கள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திற்கும், அதற்கு மேற்பட்டவை செஷன்ஸ் நீதிமன்றத்திற்கும், மரண தண்டனைக்குரியவை உயர் நீதிமன்றத்திற்கும் செல்லும். குற்றஞ்சாட்டப்பட்டவரும் பதினெட்டு வயதுக்குட்பட்டவரானால், வழக்கு பொதுவாகச் சிறார் நீதிமன்றத்தில் நடக்கும். மாஜிஸ்திரேட்டுடன் ஆலோசகர் இருவர் அமர்வர். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. கொலை போன்ற மரண தண்டனைக்குரிய குற்றச்சாட்டு என்றால் அதே சிறார் உயர் நீதிமன்றத்தில் நிற்க நேரிடும். எங்கு நடந்தாலும், வழக்கில் தொடர்புடைய சிறாரின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ ஊடகங்கள் வெளியிடுவதைச் சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவு தடை செய்கிறது. பகிரியில் வரும் படத்தைத் தட்டிவிடும் நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

பினாங்கு மக்கள் மறக்க இயலாத ஒரு வழக்கு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் கடுமையாகத் தாக்கப்பட்டு, சில நாள் மருத்துவமனையில் கிடந்து உயிரிழந்தார். அவருடன் இருந்த நண்பரும் தாக்கப்பட்டார். இளையோர் சிலர்மீது 302ஆம் பிரிவின் கீழ்க் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அவர்களுள் பதினெட்டு வயது நிரம்பாதோரும் இருந்தனர். 2022ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது; அரசுத் தரப்பு மேல்முறையீட்டிற்குச் சென்றது.

அவ்வழக்கின் சரி தவறுகளை ஆராய்வது இக்கட்டுரையின் வேலையன்று. எனினும், கொலைக் குற்றச்சாட்டு எதைக் கேட்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. தாக்குதல் நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. கொல்லும் நோக்கமோ, மரணம் விளைவிக்கப் போதுமான காயத்தை ஏற்படுத்தும் நோக்கமோ இருந்தது என்பதை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். பலர் சேர்ந்திருந்தால் அவர்களுக்குள் பொதுவான நோக்கம் இருந்ததா என்ற கேள்வியும் எழும். 304ஆம் பிரிவு, அதாவது கொலை ஆகாத மரணம் விளைவித்தல், மெய்ப்பிக்கச் சற்றே எளிது. ஆனால், மகனை இழந்த தாயிடம் சென்று “சிறிய குற்றச்சாட்டு” என்று எப்படிச் சொல்வது? பெரிய குற்றச்சாட்டு இழப்பின் அளவை ஒப்புக்கொள்கிறது. அதே வேளையில், நீண்ட விசாரணையையும் தோல்வியின் அபாயத்தையும் சுமத்துகிறது. இத்தகைய வழக்கில் சாட்சியாக இருக்கும் இளைஞர் ஒருவர், படிவம் ஆறு பயிலும் வயதில் கண்டதை வேலைக்குச் சென்ற பிறகும் அதே துல்லியத்தோடு சொல்ல வேண்டியிருக்கும். மறக்க விரும்புவதை மறக்காமல் வைத்திருக்க வேண்டிய நிலை அது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. 2024ஆம் ஆண்டு ஜூலையில், இணையப் பகடிவதைக்கு ஆளான நம் சமூகத்துப் பெண் ஒருவர் உயிரிழந்தார். அது தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர், சிறு குற்றங்கள் சட்டம் 1955இன் 14ஆம் பிரிவின் கீழ்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார். விதிக்கப்பட்ட அபராதம் 100 ரிங்கிட். அப்பிரிவு அனுமதிக்கும் உச்ச அளவே அவ்வளவுதான். நீதிமன்றத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. குற்றச்சாட்டுத் தாளிலிருந்த பிரிவு அதற்குமேல் கதவைத் திறக்கவில்லை. மக்களின் மனக்குமுறல் நாடாளுமன்றம் வரை எட்டியது. குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தன.

இப்புதிய பிரிவுகளிலும் அரசு வழக்கறிஞர் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். துன்புறுத்தும் நோக்கத்தோடு இழிசொல் பேசினார் என்றால் 507பி. நோக்கத்தை மெய்ப்பிக்க இயலாவிட்டாலும், கேட்பவர் துன்புறக்கூடிய சொல்லைப் பேசினார் என்றால் 507சி. வகுப்பறையில் சொல்லப்பட்ட ஒரே சொல் இரண்டில் எதிலும் அடங்கலாம். “விளையாட்டாகச் சொன்னேன்” என்னும் வழக்கமான பதிலுக்கு முதல் பிரிவில் ஓரளவு எடை உண்டு. இரண்டாவதில் மிகக் குறைவு.

சாட்சி சொல்லும் சிறாருக்குச் சில பாதுகாப்புகள் உள்ளன. சிறார் சாட்சியச் சட்டம் 2007இன்படி, குற்றஞ்சாட்டப்பட்டவரை நேரில் காணாதவாறு திரை வைக்கலாம். வேறோர் அறையிலிருந்து நேரலைவழிப் பேசலாம். முன்பே பதிவு செய்த காணொளியை முதல் சாட்சியமாக ஏற்கலாம். துணைக்குப் பெரியவர் ஒருவர் உடனிருக்கலாம். சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017இன் கீழ் வரும் வழக்குகளில், வேறு சான்று துணைக்கு இல்லாவிட்டாலும் சிறாரின் சாட்சியத்தை மட்டும் நம்பித் தண்டிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. ஆகவே, எந்தச் சட்டத்தின் கீழ்க் குற்றம் சாட்டப்படுகிறது என்பது, சிறாரின் சொல்லுக்கு எவ்வளவு எடை கிடைக்கும் என்பதையும் தொடுகிறது.

சில வேளைகளில் குற்றச்சாட்டு பேசிக் குறைக்கப்படுகிறது. குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். அதற்கு ஈடாக அரசுத் தரப்பு சிறிய பிரிவுக்கு இறங்குகிறது. இதை வெறும் பேரம் என்று இகழ்வோர் உண்டு. சிறாரின் பக்கம் நின்று பார்த்தால் அது அவ்வளவு எளிதான தீர்ப்பன்று. ஒப்புதல் கிடைத்தால் அவள் சாட்சிக் கூண்டில் ஏறவே தேவையில்லை. வழக்கு சில மாதங்களில் முடிந்துவிடும். ஆனால், தன்னைக் கேட்காமலே தன் காயத்தின் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று அவள் எண்ணவும் கூடும். சட்டப்படி அவள் இவ்வழக்கின் ஒரு தரப்பு அல்லள், சாட்சி மட்டுமே. குடும்பத்தார் வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தினாலும், அவர் நடப்பதைக் கவனிக்கலாம், வாதாட இயலாது. துணை அரசு வழக்கறிஞர் முன்கூட்டியே சிறுமியையும் அவளைப் பேணுவோரையும் அழைத்து, “ஏன் இப்படிச் செய்கிறோம்” என்று பத்து நிமிடம் விளக்கினால் இரண்டு உணர்வுகளில் எது மிஞ்சும் என்பது மாறக்கூடும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

குற்றம் சாட்டுவதே இல்லை என்ற முடிவு மிகக் கடினமானது. ‘மேல் நடவடிக்கை இல்லை’ என்பதன் பொருள், இருக்கும் சான்றுகள் ஐயமற மெய்ப்பிக்கப் போதவில்லை என்பதே. சிறாரின் காதில் அது “உன்னை நம்பவில்லை” என்றே விழுகிறது. இங்கிலாந்தில் 2013ஆம் ஆண்டு முதல், இத்தகைய முடிவை மறுபரிசீலனை செய்யுமாறு பாதிக்கப்பட்டவரே கேட்பதற்கு வழி செய்யப்பட்டுள்ளது. இந்தியாவின் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டமோ, பாதிக்கப்பட்ட குழந்தையின் குடும்பம் தனக்கென வழக்கறிஞரின் துணையைப் பெற இடமளிக்கிறது.

நம் நாட்டில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183ஏ பிரிவு பாதிக்கப்பட்டோருக்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது. தண்டனை விதிக்கப்படும் முன், குற்றத்தால் தமக்கு நேர்ந்தது என்ன என்பதை அவரோ குடும்பத்தாரோ நீதிமன்றத்தில் கூறலாம். நாம் கற்பனை செய்த சிறுமி, மணிக்கட்டைப் பற்றி மட்டுமின்றி, இரவில் கதவு திறக்கும் ஓசை கேட்டால் இன்னும் விழித்துக்கொள்வதைப் பற்றியும் அங்கே சொல்லலாம். அதற்கு முதலில் யாரேனும் அவளிடம் இப்படி ஓர் உரிமை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவ்வாய்ப்பும் குற்றம் உறுதியான பின்பே வரும். மூடப்பட்ட கோப்பில் அதற்கு இடமில்லை.