ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் வீட்டுக்கு வந்த ஒயர்க்கூடை: மார்பகப் புற்றுநோயும் கைவேலைத் தோழிகளும்!

மார்பகத்தை அகற்றும் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்டால், வீட்டில் பேசுவதற்கு ஆயிரம் விஷயங்கள் வந்துவிடும். இன்ஷூரன்ஸ் எவ்வளவு கிடைக்கும், மருத்துவமனையில் யார் கூடத் தங்குவது, பிள்ளைகளின் பரீட்சை என்னாவது, கீமோதெரபி எப்போது தொடங்கும்... ஆனால், ஒரு கேள்வியைப் பல பெண்கள் வாய்விட்டுக் கேட்பதே இல்லை. 'வீட்டுக்கு வந்த பிறகு புடவை கட்டினால் ஒரு பக்கம் எப்படித் தெரியும்?' உயிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது இதைக் கேட்டால் அற்பமாக நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம்தான்.

அந்தக் கேள்விக்கு ஓர் எளிமையான பதிலைக் கண்டுபிடித்தவர்கள், கையில் பின்னல் ஊசி வைத்திருந்த பெண்கள்.

கனடாவின் டொரன்டோவைச் சேர்ந்த பெரில் சாங், மார்பகப் புற்றுநோயைக் கடந்து வந்தவர். கடையில் கிடைக்கும் சிலிக்கான் செயற்கை மார்பகம் அவருக்குப் பிடிக்கவில்லை. பின்னல் தெரிந்தவர் என்பதால், தனக்குத் தானே நூலில் ஒன்றைப் பின்னிக்கொண்டார். அந்தச் செய்முறையை 2005-ல் 'நிட்டி' என்ற ஆன்லைன் பின்னல் இதழில் வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'டிட் பிட்ஸ்'. ஆங்கிலத்தில் அது ஒரு குறும்பான சிலேடை. தமிழில் சொன்னால் எங்கள் எடிட்டர் வெட்டிவிடுவார்!

2011-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெல்லிங்ஹாம் என்ற ஊரில் வசித்த பார்பரா டெமரெஸ்டுக்கும் மார்பகம் அகற்றப்பட்டது. சிக்கல்கள் காரணமாக உடனடியாகச் சீரமைப்பு செய்ய முடியவில்லை. செயற்கை மார்பகம் வைத்துக்கொள்ளலாம் என்றால், காயம் ஆற ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும் என்றார்கள். அப்போது அவருடைய டாக்டர் காட்டியதுதான், பின்னப்பட்ட மார்பகத்தின் படம். பார்பராவுக்கும் பின்னத் தெரியும். ஆனால், அறுவை சிகிச்சை முடிந்த உடம்பு அதற்கு ஒத்துழைக்க வேண்டுமே. சர்ச்சில் பழக்கமான ஒரு தோழியிடம் கேட்டார். அவர் பின்னிக் கொடுத்தார். லேசாக, மெத்தென்று, சாதாரண பிராவுக்குள்ளேயே பொருந்தியது. தனக்குக் கிடைத்தது மற்றவர்களுக்கும் கிடைக்கட்டும் என்று பார்பரா தொடங்கியதுதான் 'நிட்டட் நாக்கர்ஸ்' அமைப்பு. செய்முறை இலவசம், பின்னிய பொருளும் இலவசம். இன்று பல நாடுகளில் தன்னார்வலர்கள் பின்னிக் கொடுக்கிறார்கள்.

பொருள் என்னவோ ரொம்பச் சாதாரணம். தோலை உறுத்தாத மென்மையான நூலில் வட்டமாகப் பின்னி, உள்ளே கழுவினாலும் கெடாத செயற்கைப் பஞ்சு அடைக்க வேண்டும். பின்பக்கத்தைத் திறந்து பஞ்சைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு பக்கம் மட்டும் அகற்றப்பட்டவர்கள், மறுபக்கத்துக்குச் சமமாக வரும்வரை தாங்களே சரிசெய்துகொள்ளலாம். வியர்த்தால் துவைத்துக் காயப் போடலாம். சிலிக்கானுக்கு எடை அதிகம், விலையும் ஆயிரக்கணக்கில். நம் ஊர் மே மாத வெயிலில், பஸ்ஸில் நின்றுகொண்டு போகும் பெண்ணுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவிலும் இது நடக்கிறது. மும்பையிலிருந்து இயங்கும் 'சாய்ஷா இந்தியா' அமைப்பின் தன்னார்வலர்கள், பருத்தி நூலில் குரோஷே ஊசியால் பின்னி இலவசமாகக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் குரோஷே தெரிந்த கைகளுக்கு என்ன குறைச்சல்? 2016 ஜனவரியில் சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் ஆளுக்குக் கொஞ்சமாகப் பின்னி இணைத்த போர்வை, 11,148 சதுர மீட்டர் பரப்புடன் கின்னஸ் சாதனையே படைத்தது.

பார்பரா கதையில் என்னை நிறுத்தி வைத்த இடம் ஒன்று உண்டு. அந்தத் தோழிக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது, பாருங்கள், அந்த இடம்.

வந்தவர்களில் இரண்டு வகை

என் சித்திக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு, வீட்டுக்கு வந்தவர்களை இரண்டாகப் பிரித்துவிடலாம். முதல் வகை, பழங்கள் வாங்கிக்கொண்டு வருபவர்கள். சோபாவின் நுனியில் உட்காருவார்கள். தங்கள் நாத்தனாருக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ இதே நோய் வந்த கதையை ஆரம்பிப்பார்கள். அந்தக் கதை எங்கே போய் முடிகிறது என்று பாதியில்தான் அவர்களுக்கே ஞாபகம் வரும். அப்புறம் ஒரு சங்கடமான மௌனம். அவர்கள் போன பிறகு சித்தி ஃபேனையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

இரண்டாவது வகை, சித்தியோடு பல வருடங்களாக ஒயர்க்கூடை போடும் மூன்று பேர். அவர்கள் பாதி போட்ட கூடையோடு வந்தார்கள். 'சிவன் கண்' முடிச்சில் ஒரு வரிசை கோணிக்கொண்டு போகிறது, எங்கே தப்பு என்று தெரியவில்லை என்பது புகார். சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தார். நான்கு வரிசையைப் பிரிக்க வைத்தார். கைப்பிடிக்குப் பச்சை ஒயரா, மஞ்சளா என்று அரை மணி நேரம் சண்டை நடந்தது. நோயைப் பற்றிய பேச்சு வராமல் இல்லை. முடிச்சு போட்டுக்கொண்டே, கண்ணைக் கூடையிலிருந்து எடுக்காமல், பயமாக இருக்கிறது என்று சித்தி சொன்னார். எங்கள் யாரிடமும் அதுவரை சொல்லாத வார்த்தை அது. அந்த மூவரில் மூத்தவர் 'ம்' என்று மட்டும் சொல்லி, ஒயரை அளந்து வெட்டிக் கொடுத்தார்.

அந்த அரை மணி நேரம் சித்தி நோயாளி இல்லை. நெல்லிக்காய் முடிச்சிலிருந்து பிஸ்கட் முடிச்சு வரை அத்தனையும் தெரிந்த குரு. தெருவில் பாதிப் பேருக்குக் கூடை போடக் கற்றுக்கொடுத்த கை அது.

அந்தக் கையைப் பற்றித்தான் அடுத்த கவலையும். அக்குள் பகுதியின் நிணநீர்க் கணுக்களையும் எடுத்தால் பிற்பாடு கை வீங்கலாம், கவனமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இனி ஒயரை இழுத்து முடிச்சுப் போட முடியுமா என்பது சித்திக்கு முக்கியமான கேள்வி.

துடுப்புப் போட்ட 24 பேர்

இந்தக் கேள்விக்கும் கனடாவில் ஒரு கதை இருக்கிறது. இந்த முறை வான்கூவர் நகரம். இந்த அறுவை சிகிச்சை முடிந்த பெண்கள், கையைத் திரும்பத் திரும்ப வேகமாக அசைக்கும் கடுமையான உடற்பயிற்சி செய்தால் நிணநீர் தேங்கி வீக்கம் வந்துவிடும் என்று அந்தக் காலத்தில் எச்சரிப்பார்கள். அது உண்மைதானா என்று பார்க்க நினைத்தார், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்ஸி. 1996-ல் மார்பகப் புற்றுநோயைக் கடந்த 24 பெண்களுக்குப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்து, டிராகன் படகில் ஏற்றித் துடுப்புப் போட வைத்தார். அந்த சீசன் முடிந்தபோது, யாருக்கும் புதிதாகக் கை வீக்கம் வரவில்லை. 1998-ல் கனடிய மருத்துவ இதழ் ஒன்றில் இதை எழுதினார்.

ஆராய்ச்சி முடிந்தது. பெண்கள் படகை விட்டு இறங்க மறுத்துவிட்டார்கள்! வழக்கமான டிராகன் படகில் துடுப்புப் போட 20 பேர், தாளம் கொட்ட ஒருவர், சுக்கான் பிடிக்க ஒருவர். எல்லோரும் ஒரே தாளத்துக்கு இழுத்தால்தான் படகு நேராகப் போகும். இன்று முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இப்படிப்பட்ட குழுக்கள் இருக்கின்றன. 2018-ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸில் கூடிப் படகு விட்டார்கள். இவர்களின் விழாக்களில் ஒரு வழக்கம் உண்டு. படகுகளை ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இறந்துபோன தோழிகளின் நினைவாக இளஞ்சிவப்புப் பூக்களை நீரில் போடுவார்கள்.

ஆமாம், இறந்துபோனவர்களும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். தோழிகள் இருந்தால் ஆயுள் கூடுமா என்பது மருத்துவர்கள் பல வருடங்கள் அலசிய கேள்வி. 1989-ல் அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் வெளியிட்ட ஆய்வில், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்கள் குழுவாகக் கூடிப் பேசியபோது அவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரிந்தது. பெரிய பரபரப்பு. 2001-ல் கனடாவில் 235 பெண்களிடம் அதே முறையை மறுபடி சோதித்தார்கள். ஆயுள் கூடவில்லை. ஆனால், தொடக்கத்தில் அதிகம் துவண்டிருந்த பெண்களின் மனவேதனை குறைந்தது, அவர்கள் உணர்ந்த வலியும் குறைந்தது. 'பாசிட்டிவா இரு, சரியாயிடும்' என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்பவர்கள் இந்த இரண்டாவது ஆய்வைப் படிக்க வேண்டும். புற்றுநோயைக் கவனிக்க அறுவை சிகிச்சையும் மருந்தும் கதிர்வீச்சும் இருக்கின்றன. மனதைத் தேற்றித்தான் நோயை விரட்ட வேண்டும் என்ற கூடுதல் பாரத்தை அந்தப் பெண்ணின் தலையில் ஏற்ற வேண்டாமே.

கிளம்புவதற்கு முன்...

உங்கள் தோழிக்கு அறுவை சிகிச்சை என்றால், போகும் முன் போனில் கேட்டுவிடுங்கள். சிலருக்கு அந்த வாரம் யாரையும் பார்க்கப் பிடிக்காது. அதுவும் நியாயம்தான். போனால், ஏற்கெனவே சேர்ந்து செய்யும் வேலையையே எடுத்துக்கொண்டு போங்கள். கோலப் புத்தகமோ, பாட்டு வகுப்பு நோட்டோ, குரோஷேயோ எதுவானாலும் சரி. இதற்காகப் புதிய பொழுதுபோக்கைத் திணிப்பது அவருக்கு இன்னொரு வீட்டுப்பாடம்!

கீமோ நடக்கும் நாள்களில் நோய் எதிர்ப்புச் சக்தி குறையும். எனவே சளி, காய்ச்சல் இருந்தால் போகாமல் வீடியோ காலில் வாருங்கள். அறுவை சிகிச்சை முடிந்து, காயத்தில் டிரெய்ன் குழாய் இருக்கும்வரை கைக்கு எந்த அளவு அசைவு தரலாம், பின்னல் வேலையை எப்போது தொடங்கலாம் என்பதைச் சிகிச்சை தரும் டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும்தான் சொல்ல வேண்டும். நூல் மார்பகத்தை அணியவும் அதே அனுமதி தேவை.

பின்னிக் கொடுக்க விரும்பினால் முதலில் அவருக்கு அது வேண்டுமா என்று கேளுங்கள். எதுவும் வைத்துக்கொள்ளாமல் அப்படியே இருக்கிறேன் என்று சொல்லும் பெண்களும் இருக்கிறார்கள். வேண்டும் என்றால் பிரா அளவு, கப் அளவு, எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கம்பளி உறுத்தும், கதிர்வீச்சு முடிந்த தோலுக்கு மென்மையான பருத்தி நூல் நல்லது. நிறத்தை அவரே சொல்லட்டும். தோல் நிறத்தில்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை, மயில் கழுத்து நிறம் கேட்டாலும் பின்னிக் கொடுங்கள்.