நொடியின் இடுக்கில் ஒரு பொய்

மலேசியாவின் நேரத்தைக் காப்பது சிப்பாங், சாலாக் திங்கியில் உள்ள தேசிய அளவியல் கழகம். அங்குள்ள அணுக் கடிகாரங்கள்கூட நூறு விழுக்காடு ஒத்துப் போவதில்லை. ஒன்றுக்கொன்று நானோ நொடிக் கணக்கில், அதாவது நொடியின் 100 கோடியில் ஒரு பங்கு அளவில், விலகும். அந்த விலகலை அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

இவ்வளவு சிறிய விலகலால் என்ன வந்துவிடும்? ஒரு நானோ நொடியில் ஒளி ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் போகும். ஜி.பி.எஸ். கணக்கில் 1,000 நானோ நொடி பிசகினால் தூரம் 300 மீட்டர் தவறும். பிரிக்பீல்ட்சில் நிற்பவரை இரண்டு தெரு தள்ளிக் காட்டிவிடும்.

அளக்கும் முறை எளிது. முதல் கடிகாரத்தின் துடிப்பு வந்ததும் ஒரு மின்னணு எண்ணி ஓடத் தொடங்கும். இரண்டாவது கடிகாரத்தின் துடிப்பு வந்ததும் அது காட்டும் எண்ணைப் படிக்க வேண்டும். சிக்கல் இங்கேதான். எண்ணி 3-இலிருந்து 4-க்கு மாறும்போது 011 என்பது 100 ஆக வேண்டும். மூன்று இலக்கங்களும் மாறுகின்றன. மூன்றும் ஒரே கணத்தில் மாறுவதில்லை. அந்த இடுக்கில் படித்தால் 7 என்றோ 0 என்றோ வரலாம். இந்தக் கணநேரப் பொய்யைத்தான் 'கிளிட்ச்' என்கிறோம்.

இதற்கான தீர்வு பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரே பெயரில் வழங்குகிறது. அவருக்கு 1953-இல் காப்புரிமை கிடைத்தது. கிரே குறியீட்டில் 3 என்பது 010, 4 என்பது 110. ஒவ்வொரு படியிலும் ஒரே ஓர் இலக்கம்தான் மாறும். மாறும் கணத்தில் படித்தாலும் விடை 3 அல்லது 4. வேறு எதுவும் வராது.

அந்த ஓர் இலக்கமும் 0-வா 1-ஆ என்று தடுமாறக்கூடும். அதற்காக இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்களை அடுத்தடுத்து வைப்பார்கள். முதலாவது தடுமாறினாலும், இரண்டாவது ஒரு துடிப்பு நேரம் பொறுத்து, நிலைத்த விடையை வாங்கிக்கொள்ளும். தடுமாற்றம் அடியோடு ஒழியாது. ஆனால் மிக அரிதாகிவிடும்.

நேர அளவீட்டில் ஒரு சிறு கோளாறு உலகையே ஏமாற்றியதுண்டு. 2011-இல் இத்தாலியின் ஓப்பரா ஆய்வில் நியூட்ரினோ துகள்கள் ஒளியைவிட 60 நானோ நொடி முந்தியதாக அறிவித்தார்கள். ஐன்ஸ்டீன் தோற்றாரா என்று உலகம் கேட்டது. அடுத்த ஆண்டு கண்டறிந்த முக்கியக் காரணம், சரியாகப் பொருத்தாத ஓர் ஒளியிழைக் கம்பி!

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் மின்னணுவியல் படிக்கும் நம் பிள்ளைகளைச் சந்திக்கும்போது நான் சொல்வது இதுதான்: கணினித் திரையில் சுற்று சரியாக ஓடினால் நிறைவடையாதீர்கள். "சிக்னல் தப்பான கணத்தில் வந்தால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். சிப் வடிவமைப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி நிச்சயம் கைகொடுக்கும்.