வெளிநாடு போறீங்களா? வலி மாத்திரையில் கவனம்!

பழவேற்காட்டில் வலை இழுத்துப் பழகிய முதுகுக்கு வலி புதிதல்ல. ஏரியில் குனிந்து கையாலேயே இறால் பிடிப்பவர்களின் இடுப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வளைகுடாவுக்கு வேலைக்குப் போனாலும் அந்த வலி கூடவே வரும். மாத்திரையையும் பையில் போட்டுக்கொள்வோம். சிக்கலே அங்கேதான்.

டாக்டர் சீட்டுக்கு இங்கே கிடைக்கும் டிரமடால், கோடீன், பிரிகாபலின் ஆகியவை ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகள். முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்ளலாம், வழக்கும் வரலாம். பல நேரம் நாம் என்ன சாப்பிடுகிறோம் என்பதே நமக்குத் தெரியாது. 'அல்ட்ராசெட்' மாத்திரையில் பாராசிட்டமாலோடு டிரமடாலும் இருக்கிறது! அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் மூலப்பெயரை டாக்டரிடம் காட்டிக் கேளுங்க.

பயந்துபோய் மாத்திரையைச் சட்டென நிறுத்திடாதீங்க. டிரமடால், பிரிகாபலினைப் படிப்படியாகத்தான் குறைக்கணும். அதனால் பயணத்துக்குப் பல வாரம் முன்பே டாக்டரைப் பாருங்க. மாற்று மருந்து சரிவராது என்றால், மூலப்பெயர், அளவு, நோய் விவரத்தை ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்து, முத்திரையோடு வாங்கிக்கோங்க. அதை வைத்து அமீரக அரசின் இணையதளத்தில் முன் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். மற்ற நாடுகளுக்கு விதி வேறு. அந்தந்தத் தூதரகத்தில் கேளுங்க.

போன பிறகு ஊரிலிருந்து மாத்திரையைப் பார்சலில் வரவழைக்க வேண்டாம். "என் தம்பிகிட்ட கொடுத்துடுங்க" என்று யாராவது மருந்துப் பொட்டலம் நீட்டினாலும் வாங்காதீங்க.

சந்தேகமா? அயலகத் தமிழர் நலத்துறை உதவி மையம்: இந்தியாவுக்குள் 1800 309 3793, வெளிநாட்டிலிருந்து +91 80 6900 9901. மருத்துவ ஆலோசனைக்கு இங்கிருந்தே 104.