ஓகூஸின் உச்சிவானும் நான்கு கன்னியரும்

டென்மார்க்கின் யூட்லாந்து தீபகற்பத்தில் கிழக்குக் கரையை ஒட்டி அமைந்த ஓகூஸ் நகரம், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 56 பாகையைச் சற்றே தாண்டி இருப்பதால், வான நடுவரையிலிருந்து அதே 56 பாகை வடக்கே விலகிய விண்மீன்கள் நாள்தோறும் அந்நகரத்தின் தலைக்கு நேர் மேலே கடந்து செல்கின்றன. இந்த விலகலை வானியலார் நடுவரை விலக்கம் என்பர். புவியில் ஓர் ஊரின் இடத்தைக் குறிக்க அகலாங்கு எப்படியோ, வானில் ஒரு விண்மீனின் இடத்தைக் குறிக்க இது அப்படி. தமிழகத்தில் வடவானில் சாய்ந்து தெரியும் சப்தரிஷி மண்டலம் ஓகூஸில் ஒருபோதும் முழுமையாக மறைவதில்லை. ஏப்ரல் மாத நள்ளிரவில் அதன் நடுவிலுள்ள அங்கிரஸ் விண்மீன் உச்சியிலிருந்து ஒரு பாகைக்கும் குறைவான தொலைவில் நிற்கும். அங்கு முக்காலியில் நேர்மேலாக நிறுத்தப்படும் ஒளிப்படக் கருவி எந்த வான்பட்டையைப் பதிவு செய்கிறதோ, அதன் ஒரு பகுதி நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடித் தட்டுகளில் பதியத் தொடங்கிவிட்டது. பதிந்தது டென்மார்க்கில் அல்ல, வத்திக்கான் தோட்டத்துக் கோபுரத்தில்.

1887 ஏப்ரலில் பாரிசில் கூடிய வானியலார் மாநாடு, முழு வானத்தையும் ஒளிப்படமாக்கி விண்மீன் அட்டவணை ஒன்றை உருவாக்கத் தீர்மானித்து, வேலையை உலகின் ஏறத்தாழ இருபது ஆய்வகங்களுக்குப் பட்டை பட்டையாகப் பங்கிட்டது. பின்னாளில் ஐதராபாதின் நிஜாமியா ஆய்வகமும் ஒரு பட்டையை ஏற்றது. வத்திக்கானுக்குக் கிடைத்தது 55 முதல் 64 பாகை வரையிலான வடக்குப் பட்டை. ஓகூஸின் உச்சிப்புள்ளி அதற்குள் அடங்குகிறது. பாதிரியார் பிரான்செஸ்கோ டென்சாவின் முயற்சியால் இப்பணியில் சேர்ந்த வத்திக்கான் ஆய்வகத்தை, 1891 மார்ச் 14ஆம் நாள் வெளியிட்ட ஆணையால் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ முறைப்படி நிறுவினார். திருச்சபை அறிவியலுக்குப் பகை என்ற குற்றச்சாட்டுக்கு மறுமொழியாகவும் அவ்வாணை அமைந்தது. எனினும் மறுப்புரை எழுதுவது எளிது. ஒப்புக்கொண்ட வேலையைப் பல பத்தாண்டுகள் பிழையின்றிச் செய்து முடிப்பதே கடினம். அவ்வாய்வகத்தின் நம்பிக்கை சோதிக்கப்பட்டது அங்குதான்.

வேலையின் இயல்பு அப்படிப்பட்டது. புவி மணிக்கு 15 பாகை சுழல்வதால் அசையாத கருவியில் விண்மீன் புள்ளியாக விழாமல் கோடாக இழுபடும். ஆகவே இத்திட்டத்தின் தொலைநோக்கியில் இரண்டு குழல்கள் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருந்தன. 33 செ.மீ. விட்டமுள்ள வில்லையைக் கொண்ட ஒன்று தட்டின்மேல் ஒளியைக் குவிக்க, மற்றொன்றின் வழியே நோக்குநர் வழிகாட்டி விண்மீன் ஒன்றைக் குறுக்கிழைகளின் சந்திப்பிலிருந்து நழுவவிடாமல் கருவியைக் கையால் திருத்திக்கொண்டே இருந்தார். வரைபடத்துக்குரிய தட்டுகளில் ஒரே பகுதி மும்முறை, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம், இடத்தைச் சிறிது மாற்றிப் பதிவாயிற்று. விண்மீன் எனில் மூன்று புள்ளிகள் நுண்ணிய முக்கோணமாக நிற்கும். தூசியோ கண்ணாடிக் குறையோ ஒற்றைப் புள்ளியாகவே கிடக்கும். குறுங்கோள் எனில் முக்கோணம் கோணலாகும். பதிந்ததெல்லாம் விண்மீன் என்று நம்பிவிடாமல், நம்புவதற்கு முன் சரிபார்க்கும் வழி படமெடுக்கும் முறைக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தது.

அட்டவணைக்குரிய தட்டுகளில் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில் மெல்லிய கட்டக் கோடுகளும் பதிந்திருக்கும். தட்டில் ஒரு மில்லிமீட்டர் என்பது வானில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. அந்த அளவுத்திட்டத்தில் ஒவ்வொரு கரும்புள்ளியும் அருகிலுள்ள கோடுகளிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளக்க வேண்டும். 1906இல் பொறுப்பேற்ற இயேசு சபைப் பாதிரியார் யோஹான் ஹாகன் இதற்குக் குழந்தை மரியின் சகோதரிகள் சபையை நாட, எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலம்போ, கொன்செத்தா ஃபினார்டி, லூயிஜா பன்சேரி ஆகிய நான்கு கன்னியர் 1910 முதல் 1921 வரை அளந்தனர். நுண்ணோக்கியில் பார்த்தவர் எண்களைச் சொல்லச் சொல்ல, இன்னொருவர் பேரேட்டில் எழுதினார். இவ்வாறு 4,81,215 விண்மீன்களின் இடங்கள் கணிக்கப்பட்டு, 1914க்கும் 1928க்கும் இடையே பத்துத் தொகுதிகளாக அச்சேறின. அளந்தவர்களின் பெயர்களோ, ஆவணங்களை ஒழுங்குபடுத்திய பாதிரியார் சபீனோ மஃபேயோவின் கண்ணில் பட்டு, 2016இல்தான் பரவலாகத் தெரியவந்தன. விண்மீன்களை எண்ணி ஒவ்வொன்றுக்கும் பெயரிடும் இறைவனைப் பற்றி 147ஆம் திருப்பாடல் பேசுகிறது. அப்பாடலைத் தம் வழிபாட்டில் அறிந்திருந்த பெண்கள் பகலெல்லாம் விண்மீன்களுக்கு எண்ணிட்டு அமர்ந்திருந்ததை, இரவுவானப் படத்தின் ஓரத்தில் மறைநூல் வரி அச்சிடும் இக்கால வழக்கத்தைவிட ஆழமான வழிபாடு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

பழைய இடக்குறிப்பு எதற்குப் பயன்படும் என்ற கேள்விக்கு விடையளித்தவர்களில் ஒருவர் ஓகூஸிலேயே பிறந்தவர். 1644 செப்டம்பர் 25இல் அங்கு ஒரு வணிகரின் மகனாகப் பிறந்த ஓலே ரோமர், வியாழனின் அயோ நிலவு மறையும் நேரங்களில் கண்ட வேறுபாட்டைக் கொண்டு, ஒளி பயணம் செய்ய நேரம் எடுத்துக்கொள்கிறது என்று 1676இல் நிறுவினார். ஆகவே எந்த விண்மீன் படமும் பழைய ஒளியின் படமே. அங்கிரஸிலிருந்து இன்று வந்து சேரும் ஒளி ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. ரோமரின் குறிப்பேடுகளில் பெரும்பாலானவை 1728ஆம் ஆண்டுக் கோபன்ஹேகன் தீயில் அழிந்தன. தப்பியவற்றுள் 1706 அக்டோபரில் மூன்று இரவுகள் தொடர்ந்து அவர் அளந்த விண்மீன் இடங்களும் அடங்கும். அந்த மூன்று இரவுகளின் அளவுகளைத் தம் அளவுகளோடு ஒப்பிட்டு, ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, எண்பது விண்மீன்களின் நகர்வை ஆராய்ந்தார் ஜெர்மானியரான டோபியாஸ் மேயர். நிலையானவை என்று எண்ணப்பட்ட விண்மீன்களின் இந்த மெல்லிய நகர்வுக்குத் தனி இயக்கம் என்று பெயர். சப்தரிஷிகளுள் ஐவர் ஒரே திசையில் சேர்ந்து செல்வதும், இரு ஓரங்களிலுள்ள இருவர் வேறு வழியில் விலகிச் செல்வதும் தனி இயக்கத்தைக் கொண்டே தெரியவந்தன.

கன்னியரின் பேரேட்டுக்கும் அதே பயன் வாய்த்தது. 1989இல் ஏவப்பட்ட ஹிப்பார்கஸ் செயற்கைக்கோளில் டைக்கோ என்ற அளவீட்டுத் திட்டத்தை முன்மொழிந்த டேனிய வானியலாளர் எரிக் ஹோக், தம் குழுவினரோடு 2000இல் டைக்கோ-2 என்ற அட்டவணையை வெளியிட்டார். 25 லட்சம் விண்மீன்களுக்கு மேல் கொண்ட அதில், செயற்கைக்கோள் கண்ட இடங்கள் அந்தப் பன்னாட்டுக் கண்ணாடித் தட்டுகளின் இடங்களோடும் வேறு பல பழைய அட்டவணைகளோடும் ஒப்பிடப்பட்டே தனி இயக்கங்கள் கணிக்கப்பட்டன. தலைமுறை கடந்த இடைவெளி இல்லாமல் அக்கணக்கு கிட்டியிராது. அந்த இடைவெளியை எந்தப் பணத்தாலும் பின்னர் உண்டாக்க முடியாது. பின்னர் கையா செயற்கைக்கோள் பன்மடங்கு நுட்பமாக அளந்திருந்தாலும், மிக நீண்ட காலத்தில் ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களைக் கண்டறிய அப்பழைய இடங்கள் இன்னும் உதவுகின்றன.

ஓகூஸ் நகராட்சி தெற்கே ஹொய்பியெர் பகுதியில் 1911இல் அமைத்த ஆய்வகம் ரோமரின் பெயரைத் தாங்கிப் பொதுமக்களுக்கு வானத்தைக் காட்டிவருகிறது. பல்கலைக்கழகப் பூங்காவிலுள்ள அருங்காட்சியகமோ, பாறை அடுக்குகளின் வயதை வரிசைப்படுத்தக் கற்பித்துப் பின்னர் கத்தோலிக்க ஆயராகி, 1988இல் அருளாளராக அறிவிக்கப்பட்ட டேனிய அறிஞர் ஸ்டெனோவின் பெயரைக் கொண்டது. விண்மீன்களின் அதிர்வுகளிலிருந்து அவற்றின் வயதையும் உள்ளமைப்பையும் கணிக்கும் பன்னாட்டுக் குழுவை ஓகூஸ் பல்கலைக்கழகம் வழிநடத்துகிறது; அக்குழுவுக்குத் தரவு அனுப்பும் டெஸ் செயற்கைக்கோள் நோக்க வேண்டிய விண்மீன்களின் தொகுப்பில் டைக்கோ-2 அட்டவணையும் சேர்க்கப்பட்டிருக்கிறது.