மும்பையின் பெருக்கமும் தாராவியின் உரிமையும்

1951இல் சுமார் 30 லட்சமாக இருந்த மும்பையின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பில் 1.24 கோடியை எட்டியது. அவர்களுள் ஐவரில் இருவர் குடிசைப்பகுதிகளில் வாழ்ந்தனர். இப்பெருக்கத்தை வெறும் நெரிசலாக நாம் கருத இயலாது. நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்ட ஊர்களைவிட்டு வெளியேறியோரும் இவ்வெண்ணிக்கையில் அடங்குவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தலித்துகள் தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் உழைத்தனர். சதுப்பு நிலத்தை மேடாக்கிக் குடியேறினர். இன்று அந்நிலம் விலைமதிப்பற்ற மனையாகிவிட்டது. மறுசீரமைப்புத் திட்டமோ, 2000 ஜனவரி 1க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததை நிறுவுவோருக்கு மட்டுமே தாராவிக்குள் இலவச வீடு என்கிறது. பின்னர் வந்தோருக்கும் மாடிகளில் வசிப்போருக்கும் தாராவிக்கு வெளியேதான் இடம். உழைத்த மண்ணில் குடியிருக்கும் உரிமையை ஆவணத்தின் தேதியால் அளக்கலாகாது என்பதே நமது நிலைப்பாடு.